வருவதுரைக்கும் நூல்களில் காலமும் இடமும் உவமமும்

எதிர்காலத்தில் நிகழவிருப்பன இவை எனக் கூறும் நூல்கள் இக்காலத்தில் தனியோர் இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டன. அவற்றின் கருத்துகளை அறிவியலாரும் மெய்ப்பொருளியலாரும் தத்தம் நோக்கில் ஆராய்ந்துள்ளனர். ஆயின், அவை உரைநடை நூல்கள் என்பதும், படிப்போரின் உடன்பாட்டைச் சொல்லாலும் தொடராலும் பெறுவன என்பதும் போதிய அளவு கருதப்படவில்லை. அப்பணி இலக்கண இலக்கியம் பயில்வோர்க்கு உரியது. மனிதனும் பொறியும் விரைவில் ஒன்றாகிவிடுவர் என்னும் கொள்கையை வற்புறுத்தும் நூல்களுள் பெரிதும் பயிலப்படுவன அமெரிக்க அறிஞர் ரே கர்சுவைல் எழுதியவை. அவற்றை ஈண்டு அம்முறையில் நோக்குவோம்.

கர்சுவைல் வெறுங்கற்பனையாளர் அல்லர். 1948இல் பிறந்த இவர், அச்சிட்ட எழுத்தைக் கண்ணிலார்க்கு உரக்கப் படித்துக் காட்டும் பொறியை 1976இல் உருவாக்கியவர். 2012இல் கூகுள் நிறுவனத்தில் பணியேற்றவர். 1990இல் வெளிவந்த நூலில், அந்நூற்றாண்டு முடிவதற்குள் கணிப்பொறி சதுரங்கத்தில் உலக முதல்வரை வெல்லும் என்றார். 1997இல் அவ்வாறே நிகழ்ந்தது. 1999இல் ‘தி ஏஜ் ஆஃப் ஸ்பிரிச்சுவல் மெஷின்ஸ்’, 2005இல் ‘தி சிங்குலாரிட்டி இஸ் நியர்’, 2024இல் ‘தி சிங்குலாரிட்டி இஸ் நியரர்’ என்பன வெளிவந்தன. கணக்கியலில் ஒன்றன் மதிப்பு எல்லை கடந்து செல்லும் புள்ளியைக் குறிக்கும் ‘சிங்குலாரிட்டி’ என்னும் சொல், இந்நூல்களில் மனித வாழ்வு அடியோடு மாறும் கட்டத்தைக் குறிக்கிறது. 2029இல் பொறி மனிதனுக்கு ஒப்பான அறிவு பெறும்; 2030ஐ அடுத்த ஆண்டுகளில் குருதி நாளங்களின் வழியே மூளையை அடையும் மீநுண் பொறிகள் அதனை வெளியே உள்ள கணிப்பொறிகளோடு இணைக்கும்; 2045இல் நம் அறிவு பத்து லட்சம் மடங்காகப் பெருகும் என்பன இவர் கூற்றுகள். 2029, 2045 என்னும் இரண்டு ஆண்டுகளையும் 2005இலும் 2024இலும் மாற்றாமலே கூறியுள்ளார்.

இக்கொள்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. அறிவியலறிஞர் ஜே. டி. பெர்னால் 1929இல் எழுதிய சிறு நூலில், உடலின்றிக் கலத்துள் வைத்துக் காக்கப்பட்டுக் கருவிகளின் வழியே உலகை உணரும் மூளையைக் கற்பனை செய்தார். 1960இல் கிளைன்ஸ், கிளைன் என்னும் இருவர் ‘சைபோர்க்’ என்னும் சொல்லைப் படைத்தனர். விண்வெளிக்குச் செல்வோனின் உடலைக் கருவிகளால் அச்சூழலுக்கு இயைவித்தல் என்னும் வரையறுத்த நோக்கமே அவர்களுக்கு இருந்தது. 1988இல் ஹான்ஸ் மொராவெக், மூளையைப் படலம் படலமாக அளந்து அதன் தொழிலைக் கணிப்பொறிக்கு மாற்றும் அறுவையை விரித்துரைத்தார். 1993இல் வெர்னர் விஞ்ச், மனிதனின் மேம்பட்ட அறிவைப் படைக்கும் வழி முப்பது ஆண்டுகளுக்குள் கிட்டும் என்றார். கற்பனையாய்த் தொடங்கிய ஒன்று நாளடைவில் நாட்குறிப்பாய் மாறியுள்ளதை இவ்வரிசை காட்டும். பெர்னால் ஆண்டு குறிக்கவில்லை. கர்சுவைல் ஆண்டு குறிக்கிறார். கற்பனைக்கும் நாட்குறிப்புக்கும் இடைப்பட்ட தொலைவைக் கடக்கச் சான்று உதவிற்றா, சொல் உதவிற்றா என்பதே நம் வினா.

காலம்

1999ஆம் ஆண்டு நூலில் நான்கு இயல்களுக்கு ஆண்டுகளே தலைப்புகள்: 2009, 2019, 2029, 2099. அவ்வியல்களின் நடை கருதத்தக்கது. அவ்வாண்டுகளில் இன்னது நிகழும் என ஆசிரியர் எழுதவில்லை. அவ்வாண்டிலேயே நின்றுகொண்டு இன்னது நிகழ்கின்றது என நிகழ்காலத்தில் எழுதுகிறார். எதிர்காலத்தை நிகழ்காலமாகக் கூறுதல் நம் இலக்கணத்தில் காலவழு ஆகும். எனினும், அவ்வழு எங்கே அமைக்கப்படும் என்பதையும் நம் இலக்கண நூலார் ஆராய்ந்துள்ளனர். தொல்காப்பியர் வினையியலில் இதனைத் தொடங்கிவைத்தார். பவணந்தியார் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என நான்கு காரணங்களாகத் தொகுத்தார். உண்ணத் தொடங்குவோன் வெளியே காத்திருப்பவனை நோக்கி ‘உண்டேன், வந்தேன்’ என்பது விரைவு. நல்வினை மிக்கானை, அவன் இருக்கும்போதே ‘துறக்கம் புக்கான்’ என்பது மிகுதி. எறும்பு முட்டையைச் சுமந்து மேட்டில் ஏறக் கண்டோர் ‘மழை பெய்தது’ என்பது தெளிவு. வழக்கமாய் நிகழ்ந்துவருவதனைக் காலம் பிறழக் கூறுவது இயல்பு.

கர்சுவைலின் காலவழு இந்நான்கனுள் எதனால் அமையும்? அவர் இயல்பு என்பார். விரைந்து பெருகும் பயன்களின் விதி என ஒன்றை அவர் நிறுவுகிறார். அதற்குத் தலையாய சான்று கணிப்பொறிச் சில்லுகளின் வளர்ச்சி. ஒரு சில்லில் அடங்கும் டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிக்கின்றது என 1965இல் கார்டன் மூர் கண்டார். 1975இல் அதனை ஈராண்டுக்கு ஒருமுறை எனத் திருத்தினார். 1985இல் வெளிவந்த இன்டெல் 386 சில்லில் 2,75,000 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 2020இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட எம்1 சில்லில் 1,600 கோடி. இவ்வளர்ச்சி மறுக்கவொண்ணாதது. ஆயினும் இது தொழிற்சாலையில் நிகழ்ந்தது. பெரும் பொருளும் உழைப்பும் இட்டு மக்கள் நிகழ்வித்தது.

உடலோடு பொறி கூடும் இடத்தில் இதே வழக்கம் உண்டா என்று பார்த்தல் வேண்டும். அதற்கும் அளவுகோல் உண்டு. செவிப்புலன் இழந்தோர்க்கு உட்செவியில் பொருத்தும் காக்ளியர் கருவி அமெரிக்க அரசின் ஒப்புதலை 1985இல் பெற்றபோது அதில் இருந்த மின்முனைகள் 22. அவ்வகைக் கருவியில் இன்றும் மின்முனைகள் 22. செவி நரம்பின் இழைகளோ ஏறத்தாழ 30,000. சில்லு பல்லாயிரம் மடங்கு வளர்ந்த நாற்பது ஆண்டுகளில் செவிக்குள் செல்லும் மின்முனையின் எண்ணிக்கை வளராமைக்குக் காரணம் பொறியாளரின் சோம்பல் அன்று. உட்செவி நீர்மம் நிறைந்தது. அதில் மின்னோட்டம் பரவிக் கலந்துவிடும். மின்முனைகளைக் கூட்டினும் தனித்தனி ஒலிவழிகள் அதற்கேற்பக் கூடுவதில்லை. ஒலியைப் பகுத்தறியும் முறைகள் திருந்தியதால் கருவியின் பயன் பெருகியுள்ளது. அஃது உடலின் எல்லைக்குட்பட்ட திருத்தம். சில்லின் இயல்பை உடலின் இயல்பாகக் கொள்ளுதல் பொருந்தாது என்பதற்கு இஃதொன்றே சாலும்.

தெளிவு எனலாமோ? எறும்பைக் கண்டு மழையை உரைப்போன், முன்னர்ப் பன்முறை எறும்பையும் கண்டிருக்கிறான், மழையையும் கண்டிருக்கிறான். இரண்டற்கும் உள்ள தொடர்பு அவன் பட்டறிவு. மனித அறிவும் பொறியும் ஒன்றாகிய நிகழ்ச்சியை ஒருவரும் ஒருகாலும் கண்டதில்லை. காணாத மழைக்கு எறும்பு சான்றாகாது. எனவே எஞ்சுவன விரைவும் மிகுதியுமே. அவற்றுள் மிகுதிக்கு உரைகள் காட்டும் எடுத்துக்காட்டு துறக்கம் பற்றியதாயிருத்தல் எண்ணத்தக்கது. மூப்பும் சாக்காடும் அற்ற வாழ்வு கிட்டும் என்பதே இந்நூல்களின் உள்ளார்ந்த நம்பிக்கை. விருப்பத்தின் மிகுதியால் எழுந்த காலவழுவைத் தெளிவால் எழுந்ததாகக் காட்டுவதே இவ்வுரைநடையின் முதற் குறை என்போம்.

ஈண்டுத் தடை ஒன்று எழும். ‘அவர் முன்னர்க் கூறியவை பலித்துள்ளன அல்லவோ?’ என்பர். 2009ஆம் ஆண்டுக்கெனத் தாம் கூறிய 147 கூற்றுகளைக் கர்சுவைல் 2010இல் தாமே மதிப்பிட்டு, 86 விழுக்காடு சரியாயின எனக் கணக்கிட்டார். மாணவன் தன் விடைத்தாளைத் தானே திருத்தினான் என இதனை எள்ளி ஒதுக்குதல் எளிது. ஆயின் அது போதிய விடையன்று. பலித்தவை எவ்வகையின என்று காண வேண்டும். கையடக்கக் கணிப்பொறிகள் பரவும் என்பது போன்றவை பொறிகளைப் பற்றியவை. அவற்றுட் பல பலித்தன. எழுத்துவடிவம் பெறுவனவற்றுள் பெரும்பகுதி 2009இல் விரலால் தட்டப்படாது வாயாற் சொல்லப்பட்டே உருவாகும் என்பது மக்களின் பழக்கத்தைப் பற்றியது, அது பலிக்கவில்லை. பொறி யாது செய்ய வல்லது என்பது வேறு. மனிதன் யாது செய்வான், அவன் உடல் யாது ஏற்கும் என்பது வேறு.

2029ஆம் ஆண்டுக் கூற்றுக்கும் 2045ஆம் ஆண்டுக் கூற்றுக்கும் உள்ள வேறுபாடும் இதுவே. பொறி மனிதனைப் போல உரையாடும் என்பதை இன்று யாரும் நகைத்து ஒதுக்க இயலாது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தார் 2025இல் வெளியிட்ட ஆய்வில், உரையாடியோர் நூற்றுக்கு 73 முறை பொறியையே மனிதன் எனக் கொண்டனர். இக்கூற்றுப் பற்றி 2002இலேயே மிட்செல் கேபர் என்பார் கர்சுவைலோடு பந்தயம் வைத்தார். வெற்றி தோல்விக்கு விதிகளும் வகுக்கப்பட்டன. தோற்கும் வழியையும் உடன் கூறும் கூற்று நேர்மையான கூற்று. ஒன்றாதல் பற்றிய கூற்றோ அத்தகையதன்று. கைப்பேசியே மூளையின் நீட்சி எனவும், ஒன்றாதல் இப்போதே தொடங்கிவிட்டது எனவும் கர்சுவைல் கூறுவதுண்டு. அங்ஙனமாயின் மூக்குக்கண்ணாடியும் ஊன்றுகோலும் ஒன்றாதலே ஆகும். எவ்வளவிற்கும் நெகிழும் சொல் என்றும் தோற்காது. முதற்கூற்றின் வெற்றியை இரண்டாங்கூற்றின் வரவில் வைத்தெழுதும் கணக்கை நாம் ஏற்றல் கூடாது.

உவமம்

மூளை கணிப்பொறி போன்றது என்பது உவமம். மூளை ஒரு கணிப்பொறி என்பது உருவகம். மூளையில் உள்ளதைக் கணிப்பொறிக்கு மாற்றலாம் என்பது உருவகத்தை உண்மையெனக் கொண்டு அதன்மேற் கட்டிய முடிபு. இம்மூன்று படிகளையும் இந்நூல்கள் ஒரே மூச்சில் ஏறிவிடுகின்றன. வினை, பயன், மெய், உரு என்னும் நான்கனுள் எது பற்றி உவமம் கூறப்பட்டது என வினவுதல் தொல்காப்பியர் காட்டிய நெறி. கணிக்கும் வினை இரண்டற்கும் பொது எனலாம். பயனிலும் சிறிது ஒப்புமை உண்டு. வடிவாகிய மெய் பற்றிய ஒப்புமையோ இனி நிறுவப்படவேண்டியது. வினையால் ஒத்தவை மெய்யாலும் ஒக்கும் எனக் கொள்ளின், புலி போலப் பாய்ந்தவனுக்கு வாலும் உண்டு எனல் வேண்டும்.

நிறுவும் முயற்சி எந்நிலையில் உள்ளது? ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள நூற்புழு ஒன்றன் 302 நரம்பணுக்களும் அவற்றின் இணைப்புகளும் 1986இலேயே முற்றும் வரைந்து வெளியிடப்பட்டன. நாற்பது ஆண்டு அளவாகியும், அப்புழுவின் நடத்தை முழுவதையும் கணிப்பொறியில் இயங்கச் செய்துகாட்டும் பணி முற்றுப்பெறவில்லை. 2024இல் பழ ஈயின் மூளை வரைபடம் வெளிவந்தது. அதில் ஏறத்தாழ 1,39,000 நரம்பணுக்கள். மனித மூளையிலோ 8,600 கோடி. மனித மூளையைப் பத்தாண்டுகளில் கணிப்பொறியில் அமைக்கலாம் என ஹென்றி மார்க்ரம் 2009இல் கூறினார். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவில் 2013இல் தொடங்கிய மனித மூளைத் திட்டம் பல பயனுள்ள ஆய்வுகளைத் தந்து, மூளை முழுவதையும் அமைக்காமலே 2023இல் நிறைவுற்றது. வரைபடம் இருந்தும் புழு நமக்கு எட்டவில்லை என்பதன் பொருள், இணைப்பு ஒன்றே மூளையன்று என்பதாம். ஒரு செய்யுளின் சொற்களையும் அவற்றின் வரிசையையும் முற்றும் அறிந்தவன் அதன் பொருளை அறிந்தவனாகான் என்பதை மாணவர்க்கு நாள்தோறும் கூறும் நமக்கு இது விளங்காத செய்தியன்று.

மேலும், ஒன்றாதல் என்னும் சொல்லையே இலக்கணம் பயின்றோன் எளிதில் விடான். இரண்டு சொற்கள் புணரும்போது நிலைமொழி யாது, வருமொழி யாது, தோன்றியது யாது, திரிந்தது யாது, கெட்டது யாது என அவன் கேட்பான். இயல்பாகவே புணர்வனவும் உண்டு. ஒன்று கெட்டுப் புணர்வனவும் உண்டு. மனிதனும் பொறியும் புணருமிடத்துத் தோன்றுவன பற்றி இந்நூல்கள் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. கெடுவது பற்றிய பேச்சு மிகச் சுருக்கம்.

இடம்

இந்நூல்களில் அடிக்கடி பயிலும் எழுவாய் தன்மைப் பன்மை. ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல்தான். தமிழில் எழுதுவோனுக்கு அவ்வசதி இல்லை. முன்னிலையாரையும் உளப்படுத்தி ‘நாம்’ என்பதா, அவரை நீக்கி ‘நாங்கள்’ என்பதா என அவன் தொடர்தோறும் தெளியவேண்டும். ‘நாம் பொறியோடு ஒன்றாவோம்’ என மொழிபெயர்ப்பின், மருத்துவமனையே இல்லாத ஊரில் வாழ்வோரும் அதனுள் அடங்குவர். ‘நாங்கள் ஒன்றாவோம்’ என மொழிபெயர்ப்பின் நூலின் கவர்ச்சி பாதி குறையும். உண்மை பெரிதும் கூடும்.

இவ்வேறுபாடு வெறுஞ்சொல்லாராய்ச்சி அன்று. பொறியை உடலுள் ஏற்றோர் முன்னரே உளர். அவர் வரலாறு நமக்குச் சான்று. கண்ணின் விழித்திரையில் 60 மின்முனைகளைப் பொருத்திப் பார்வையிழந்தோர்க்கு ஒளியும் நிழலும் புலப்படச் செய்யும் ‘ஆர்கஸ் 2’ என்னும் கருவியை அமெரிக்காவின் செகண்ட் சைட் நிறுவனம் செய்தது; 2013இல் அந்நாட்டு அரசு ஒப்புதல் அளித்தது. உலகெங்கும் 350க்கும் மேற்பட்டோர் அதனைப் பொருத்திக்கொண்டனர். 2019இல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 2020இல் நிறுவனம் பணியாளருட் பெரும்பாலோரை நீக்கிற்று. கருவியைக் கண்ணுள் ஏற்றோர், அது பழுதுற்றால் சரிசெய்வாரும் மாற்றுறுப்புத் தருவாரும் இன்றி விடப்பட்டனர். கருவி அவர் உடலில் இருந்தது. அதன் வாழ்வு பிறர் வணிகக் கணக்கில் இருந்தது. 2024 சனவரியில் நியூராலிங்க் நிறுவனம் 1,024 மின்முனைகள் கொண்ட கருவியை முதன்முறையாக ஒரு மனிதரின் மூளையிற் பொருத்தியது. கை கால் இயங்காத அவர் எண்ணத்தாலே கணிப்பொறித் திரையை இயக்கினார்; சில கிழமைகளில் இழைகளுள் பல மூளையினின்று பின்வாங்கின; மென்பொருளைத் திருத்திப் பயனை மீட்டனர். இவை அரிய முயற்சிகள். துன்புற்றோர்க்கு உதவும் மருத்துவம். இவற்றின் பெருமையைக் குறைத்தல் நம் நோக்கமன்று. ஆயின், இவை காட்டும் உண்மை யாதெனின், ஒன்றாதலில் இரு திறத்தார் உளர் என்பது: பொறியைச் செய்து தருவோர் ஒரு திறம்; உடலைத் தருவோர் மறு திறம். நிறுவனம் முடங்கினால் முன்னவர் வேறு தொழில் தேடுவர். பின்னவர்க்கு வேறு கண் இல்லை. இவ்விரு திறத்தாரையும் ஒரே தன்மைப் பன்மையுள் அடக்குதல் இடவழு. அதனை அமைக்க நம் நூல்களில் விதி இல்லை.

நூலின் உரையாடற் பகுதிகளும் இவ்வாறே ஆராயத்தக்கன. 1999ஆம் ஆண்டு நூலிலும் 2005ஆம் ஆண்டு நூலிலும் மாலி என்னும் பெண் ஆசிரியரோடு உரையாடுகிறாள். நம் உரையாசிரியர்கள் தடையெழுப்பி விடை கூறும் முறையை இது நினைவூட்டும். மாலி கூரிய வினாக்களையும் எழுப்புகிறாள்; 2005ஆம் ஆண்டு நூலில் எதிர்ப்பாளர்க்கு விடை கூறத் தனி இயலே உண்டு என்பதையும் மறைத்தல் நேர்மையன்று. ஆனால், மாலி நூற்றாண்டு கடந்த எதிர்காலத்திலிருந்தும் பேசுகிறாள். அவ்வாழ்வு உண்டென அவளே சான்று கூறுகிறாள். வழக்காளி தானே படைத்த சான்றாளரை எம்மன்றமும் ஏற்பதில்லை.

முடிபு

கிணறு தோண்டிற்று, வீடு கட்டிற்று எனச் செயப்படுபொருளைச் செய்தது போலக் கூறுதல் வழக்கில் உண்டு. தோண்டியவன் யாவன் என்பது எல்லார்க்கும் தெரியுமாதலின் அங்குக் கேடில்லை. தொழில்நுட்பம் வளர்ந்தது, அறிவு பொறியோடு கூடிற்று என்னுமிடத்து அதே வழக்கு வினைமுதலை மறைத்துவிடுகிறது. வினைமுதல் மறையின் பொறுப்பும் மறையும். எது வரும் என்பதே பேச்சாகி, யார் செய்கின்றனர், யாருக்காக, யாரைக் கேட்டு என்பன பேச்சிலிருந்து நீங்கும். எதிர்காலம் முன்னரே முடிந்துவிட்டதாயின் அதனைப் பற்றி மக்கள் கருத்துச் சொல்ல என்ன இருக்கிறது?

1976இல் கர்சுவைல் செய்த பொறி, கண்ணில்லாதவர் முன் ஒரு நூலைப் படித்துக் காட்டியது. அதன் பயனை அப்பொழுதே அங்கேயே அறியலாயிற்று. பயன்படவில்லையெனின் அவர் அதனை ஒதுக்கவும் கூடும். அப்பொறியின் அடக்கம் பிற்கால நூல்களில் இல்லை. இத்தகைய நூல்கள் இனியும் தமிழில் பெயர்க்கப்படும், பாடநூல்களிலும் இடம்பெறும். பெயர்ப்போரும் பயில்வோரும் ஒவ்வொரு தொடரிலும் மூன்று வினாக்களை எழுப்புவாராக: இக்காலம் தெளிவால் வந்ததா, விரைவால் வந்ததா? இவ்வுவமம் எதன்பாற்பட்டது? இத்தன்மைப் பன்மையுள் யார் யார் உளர்? ‘நிகழும்’ என வந்துள்ள இடங்கள் பலவற்றில் ‘நிகழ வேண்டுமென விரும்புகிறோம்’ என்பதே உரிய பெயர்ப்பு என அவர் காண்பர். விருப்பம் விருப்பமாகவே கூறப்படின், அதனை ஏற்கவும் மறுக்கவும் படிப்போனுக்கு உரிமை உண்டு. அவ்வுரிமையைக் காத்தல் மொழியாசிரியர் கடன் என்க.